பொய்ப் பழமை: மன்னார்ப் படங்களுக்குப் பூசப்படும் மூப்பு

வெண்கலச் சிலையை மண்ணிற் புதைத்துக் களிம்பேற்றிப் பழஞ்சிலையென விலைபேசும் வணிகன் தன் தொழிலின் பெயரை நன்கறிவான். தான் செய்வது மோசடி என்பதில் அவனுக்குக் கிஞ்சித்தும் ஐயமில்லை. அகப்பட்டால் தண்டனை உண்டென்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் நேற்று மாலை கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை இன்று காலை அறுபது ஆண்டுப் பழமையுடையதாக மாற்றி ஊருக்குக் காட்டுபவர் அதனை மோசடி எனக் கருதுவதில்லை. அது இரசனை எனப்படுகிறது. மரபின்பாற் கொண்ட காதல் எனப்படுகிறது. சிலவேளைகளிற் கலை என்றும் அழைக்கப்படுகிறது. சிலை வணிகனிடம் இருந்த நேர்மையேனும் இங்கு இல்லை.

மன்னார்த் தீவும் அதனை அடுத்த பெருநிலக் கரையும் இவ்விரசனைக்கு மிகவும் வாய்ப்பான களங்களாக ஆகிவிட்டன. தலைமன்னாரின் பழைய இறங்குதுறை, அரிப்பின் இடிந்த மாளிகை, போர்த்துக்கேயர் 1560இல் அமைத்து ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றிய கோட்டை, பள்ளிமுனையின் பெருக்கமரம், தெருவில் திரியும் கழுதைகள், பேசாலைக் கரையில் வலை பொத்தும் முதியவர் ஆகிய யாவும் படமாக்கப்படுகின்றன. எடுத்த படம் தெளிவாகவும் நிறைந்த வண்ணத்துடனும் இருக்கிறது. அத்தெளிவே குறையெனக் கொள்ளப்படுகிறது. விரலால் ஒருமுறை தொட்டதும் வண்ணம் வடிந்து கபில நிறம் படர்கிறது, மூலைகள் இருள்கின்றன, எங்கோ ஒருவர் முன்னரே வரைந்துவைத்த கீறல்களும் தூசிப் புள்ளிகளும் நீர்க்கறையும் படத்தின்மேல் வந்து படிகின்றன. விரும்பினால் ஓரங்கள் தீயிற் கருகியவை போலவும் தோன்றும். திருமணப் படங்களும், விழா மலர்களின் அட்டைகளும், சுற்றுலா விளம்பரங்களும் இவ்வழியே செல்கின்றன. பல்கலைக்கழகச் சங்கங்களின் வெளியீடுகளும் இதற்கு விலக்கல்ல.

இங்கு முதலில் எழுப்பவேண்டிய வினா ஒன்றுண்டு. பூசப்படும் அப்பழமை யாருடைய பழமை?

2009ஆம் ஆண்டின் இறுதியில் ஹிப்ஸ்டமாட்டிக் என்னும் செயலியும், 2010ஆம் ஆண்டு ஒக்டோபரில் இன்ஸ்டகிராமும் அமெரிக்காவில் வெளிவந்தன. சதுர வடிவம், வெள்ளை விளிம்பு, வெளிறிய மஞ்சள், ஒளி கசிந்த செம்மை என்பன அவை பரப்பிய அடையாளங்கள். இவை பொலறொய்ட் படங்களையும், 1960களிலும் 70களிலும் மேற்குநாட்டு நடுத்தரக் குடும்பங்கள் விடுமுறைக்குக் கொண்டுசென்ற மலிவுக் கமராக்களையும் பின்பற்றியவை. அச்செயலிகளை ஆக்கியோர் தம் பெற்றோரின் அல்பங்களை நினைத்து ஏங்கியதில் ஒரு நியாயம் இருக்கலாம். மன்னாரின் வீடுகளில் இருந்த அல்பங்களோ வேறு. கறுப்புத்தாளில் முக்கோண மூலைகளாற் செருகப்பட்ட, ஓரம் பல்வெட்டாக வெட்டப்பட்ட, பளபளப்பான கறுப்பு வெள்ளைப் படங்கள் அவற்றில் இருந்தன. தூணும் திரைச்சீலையும் தீட்டிய ஸ்ரூடியோத் திரைக்கு முன் விறைத்து நின்ற தம்பதியர், முதல் நன்மை பெறும் வெள்ளையுடைச் சிறுமி, பிரயாணப் பத்திரத்துக்காக எடுத்து மீந்த சிறுபடம் என அமைந்தவை அவை. பொலறொய்ட் கமராவைக் கண்ணாற் கண்டிராத ஊருக்குப் பொலறொய்ட் பழமையை ஏற்றுவது, கடன் வாங்கிய உடையில் பாட்டனாரை மீண்டும் ஒருமுறை படமெடுப்பதற்கு ஒப்பாகும். ஊரின் கடந்தகாலம் காப்பாற்றப்படுகிறது என்பது இதன் நியாயமாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அது இன்னொரு நாட்டின் கடந்தகாலத்தால் மூடப்படுகிறது.

பழுது என்பது அலங்காரமன்று. அது ஒரு காரணத்தின் விளைவு. மெய்யான பழம்படம் எவ்வாறு பழுதடைகிறது என்பதை அறிந்தவர் இப்பொய்ப் பழுதைக் கண்டதும் நகைப்பர். கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தருவது ஜெலற்றின் படையிற் பதிந்துள்ள நுண்ணிய வெள்ளித் துகளாகும். இருட்டறையில் ஹைப்போக் கரைசலில் இட்டபின் போதிய நீரிற் கழுவாதுவிட்டால், எஞ்சிய ஹைப்போ ஆண்டுகள் பல கழிந்தும் வெள்ளியைத் தாக்கிப் படத்தை மஞ்சளாக்கி வெளிறச் செய்யும். ஈரமும் மாசும் கலந்த காற்றில் வெள்ளி இடம்பெயர்ந்து மேற்பரப்பை அடைந்து, கருமையான பகுதிகளின் ஓரங்களில் நீலம் கலந்த கண்ணாடி மினுக்கத்தைத் தோற்றுவிக்கும். ஜெலற்றினைப் பூஞ்சணம் தின்னும்; தாளை இராமபாணப் பூச்சியும் கறையானும் தின்னும். சட்டமிட்ட படம் ஈரத்திற் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியிலும் தோள் தாளிலுமாகப் பிரியும். கடற்காற்று ஓயாது வீசும் தீவொன்றில் இவை யாவும் விரைவுபெறும். ஆகவே ஒரு படத்தின் பழுதைப் படிப்பவர் அதனைக் கழுவிய கையின் அவசரத்தையும், வைத்திருந்த பெட்டியையும், தொங்கிய சுவரையும், கடந்த மழைக்காலங்களையும் படிக்கிறார். செயலி பூசும் கீறலில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஆயிரம் படங்களிலும் அதே கீறல் அதே இடத்தில் விழுகிறது.

கபில நிறத்தைப் பற்றிய பேதைமை இதனினும் பெரிது. செப்பியா எனப்படும் அந்நிறம் மூப்பின் அடையாளமெனப் பொதுவாக நம்பப்படுகிறது. ஸ்ரூடியோக்காரர் படத்தைச் செப்பியாவாக்கியது அது மூப்படையாதிருக்கும் பொருட்டேயாகும். அவ்வினையில் உலோக வெள்ளி வெள்ளிச் சல்பைட்டாக மாறுகிறது. சல்பைட்டு காற்றின் மாசை வெள்ளியினும் நன்கு தாங்கும். காலத்தை வெல்லுதற்கு இடப்பட்ட கவசம், காலத்தால் வீழ்ந்ததன் குறியாக இன்று விற்கப்படுகிறது. வண்ணப் படங்களின் கதையும் இத்தகையதே. 1970களில் அச்சிட்ட வண்ணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து காணப்படுவதற்குக் காரணம், அக்காலத் தாள்களில் இருந்த நீலப்பச்சைச் சாயம் மூடிய அல்பத்தின் இருளிற்கூட நிலைக்காமையாகும். உற்பத்தியாளரின் சாயம் தோற்ற தோல்விக்கு இளைஞர் ஏக்கம் என்று பெயரிட்டுள்ளனர்.

இவை இரசனை பற்றிய குறைகள் மட்டுமாயின் ஒரு புன்னகையோடு விட்டுவிடலாம். மன்னாரைப் பொறுத்தவரை அவ்வாறு விடுதற்கில்லை. மெய்யான படங்களை இழந்த மக்கள் வாழும் மண் அது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் 70,000இற்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவை மிகச் சிலவே. அதே ஆண்டிலும் அதன் முன்னும் பின்னும் தமிழ்க் குடும்பங்கள் தலைமன்னாரிலிருந்து கடல்கடந்து மண்டபம் முகாமை அடைந்தன. பின்னர் போரின் இறுதி ஆண்டுகளில் மடு, அடம்பன், விடத்தல்தீவுப் பகுதிகளின் மக்கள் ஓரிடமிருந்து மற்றோரிடமென இடம்பெயர்ந்து கிழக்குநோக்கி முல்லைத்தீவுக் கரைவரை தள்ளப்பட்டனர். ஓட்டத்தில் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களுமே முதலிற் கைக்கு வந்தன, அல்பம் பாரமானது. கொண்டுசென்ற சில படங்களும் வள்ளத்தின் அடியில் நனைந்தன. நனைந்த ஜெலற்றின் பொருமிப் பசையாகும். காய்ந்ததும் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டையாகும். அத்தகைய கட்டையைப் பிரிக்கவும் எறியவும் மனமின்றிப் பெட்டியில் வைத்திருக்கும் தாயின் முன்னால், இலவசமாகக் கிடைக்கும் நீர்க்கறையைத் திருமணப் படத்தின்மீது ஏற்றிக் காட்டுவது எத்தகைய இரசனை? தீயிற் கருகிய ஓரமும் அத்தகையதே. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தைத் தீ தின்றதைக் கண்ட சமூகம் ஒன்று கருகிய ஓரத்தை அலங்காரமாகத் தெரிவுசெய்கின்றதெனின், அதன் நினைவின் ஆழத்தை ஐயுறவேண்டியுள்ளது.

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் ஏந்தி நிற்கும் படங்களையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். 2017ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்த போராட்டங்களில் அப்பெண்களின் கைகளில் இருந்தவை பெரும்பாலும் அடையாள அட்டைக்காக எடுத்த சிறுபடத்தின் உருப்பெருக்கங்கள். அல்லது ஒரு திருமணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்த முகங்கள். வெயிலில் நின்றுநின்று அவை வெளிறுகின்றன. வெளிறியதும் மீண்டும் அச்சிடப்படுகின்றன. பழுதை விலக்கவே அத்தாய்மார் பாடுபடுகின்றனர். படம் மங்கினால் வழக்கு மங்கும் என்பது அவர்கள் அறிந்தது. பழுதை விலைகொடாது வாங்கி மகிழ்வோர் அவர்களது ஊரின் பெயராலேயே அதனைச் செய்கின்றனர்.

தோற்றத்தைக் கொண்டு வயதை மதிப்பிடுதல் எத்தகைய தவறுக்கு இட்டுச்செல்லும் என்பதற்கு அரிப்புக் கரையே சான்று. அங்கு மண்திட்டின் விளிம்பில் நிற்கும் செங்கற் சிதைவை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பர். மகாபாரதக் கதைமரபில் வரும் அல்லியின் அரண்மனை அதுவென நம்புவோர் பலர். கட்டடமோ பிரித்தானியரின் முதலாவது ஆள்பதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கெனக் கிரேக்க டோறிக் பாணியில் 1801க்கும் 1804க்குமிடையிற் கட்டுவித்த மாளிகை. 1807இல் வெளிவந்த ஜேம்ஸ் கோடினரின் இலங்கை வருணனை நூல் அக்கால முத்துக்குளிப்பையும் இம்மாளிகையையும் நேரிற் கண்டவர் எழுத்தாக விவரிக்கிறது. இருநூறு ஆண்டு சற்றே கடந்த ஒரு கட்டடத்தை உப்புக்காற்றும் அலையும் சேர்ந்து ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையதாகக் காட்டிவிட்டன. அல்லிக் கதை ஊரின் கற்பனைச் செல்வம். அதனை எவரும் பறிக்கவேண்டியதில்லை. ஆனால் அக்கதையின் நிழலில், முத்துக்குளித்தவரின் உழைப்பிலிருந்து வருவாய் கறந்த குடியேற்ற ஆட்சியின் வரலாறு மறைந்துபோனது என்பதையும் சொல்லவேண்டும். இயற்கை பூசிய மூப்பே இவ்வளவு செய்யுமெனின், விரலாற் பூசும் மூப்பு என்ன செய்யாது?

அம்மாளிகை இன்றும் இடிந்துகொண்டிருக்கிறது. அலை திட்டை அரிக்க அரிக்கச் சுவர் சுவராகக் கடலை நோக்கிச் சரிகிறது. எந்த ஆண்டில் எந்தச் சுவர் நின்றது என்பதற்குப் பயணிகளும் மாணவரும் எடுத்த எளிய படங்களே சான்றாக அமையக்கூடும். நாளும் நேரமும் கமராவாற் கோப்பினுள்ளேயே எழுதப்படுகின்றன. பத்துப் படங்களை வரிசைப்படுத்தினாற் கடலின் வேகத்தை அளந்துவிடலாம். அவற்றைக் கபிலமாக்கி, கீறல் ஏற்றி, சமூக ஊடகத்தில் இட்டவுடன் அந்நாளும் நேரமும் பெரும்பாலும் களையப்பட்டுவிடுகின்றன. எஞ்சுவது நாளற்ற ஓர் அழகு. 2012இன் சுவரா, 2022இன் சுவரா என்று கேட்டால் விடை கூறுவார் இல்லை.

தலைமன்னார் இறங்குதுறையின் நிலை இன்னும் சிக்கலானது. 1914இல் தொடங்கிய கப்பல் இணைப்பின்போது புகையிரதமும் கப்பலும் சந்தித்த பரபரப்பான துறை அது. 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் எதிர்க்கரையில் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து வந்தது. 1980களின் முற்பகுதியில் அதுவும் நின்றது. 1990இற் புகையிரதமும் நின்று, தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு மார்ச்சிலேதான் மீண்டும் தலைமன்னார் வந்தது. செழிப்பு, தேய்வு, அழிவு, மீட்பு என்னும் வேறுபட்ட காலங்கள் அத்துறைக்கு உண்டு. இன்றைய படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பழுதேற்றும்போது இக்காலங்கள் அனைத்தும் ஒரே மங்கலிற் கரைகின்றன. தலைப்பு இன்றிப் பகிரப்படும் அப்படத்தை நாளை ஒருவர் 1914க்கு உரியதெனத் தம் கட்டுரையிற் சேர்ப்பார். அதனை மேற்கோளாகக் கொண்டு இன்னொருவர் எழுதுவார். மேற்கூரை உடைந்து கிடப்பது ஆங்கிலேயர் காலத்திலேயே என்றுகூட ஆய்வு முடிபு தோன்றலாம்! நகைப்புக்குரியதாகத் தோன்றினும், மூலப்படம் அரிதாயுள்ள ஒரு மாவட்டத்தில் இத்தகைய பிழையைத் திருத்த ஒப்பீட்டுக்கு வேறு படம் கிடைப்பது எளிதன்று.

மன்னாரிற் காலக்கணிப்பு ஏட்டளவிலான விவாதமன்று. 2018இல் மன்னார் நகரிற் சதொச கட்டடத்துக்கென மண் அகழ்ந்தபோது வெளிப்பட்ட புதைகுழியில் 300இற்கு மேற்பட்டோரின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுட் சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டு, 2019இல் அவை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்று அறிக்கை வந்தது. காணாமற்போனோரின் குடும்பத்தினர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. சட்டத்தரணிகளும் வினாக்களை எழுப்பினர். ஒரு பொருள் எக்காலத்தது என்னும் வினாவின்மீது நீதிமன்றும் கண்ணீரும் காத்துநிற்கும் ஊர் அது. அவ்வூரிலேயே பொருள்களின் காலத்தைப் பொழுதுபோக்காக மாற்றிக் காட்டுவோரும் உலாவுகின்றனர்.

இதனை மறுப்போர் கூறும் நியாயங்கள் சில உள. ஸ்ரூடியோக்காரரும் எதிர்மறைத் தகட்டிற் பென்சிலால் முகத்தழும்பை மறைத்தனர், கையால் வண்ணம் தீட்டினர். அக்காலத்தில் இல்லாத குற்றம் இக்காலத்தில் எவ்வாறு வந்தது என்பர். அவர்கள் அழகைக் கூட்டினர், ஆண்டைக் கூட்டவில்லை. படத்தின் பின்புறத்தில் ஸ்ரூடியோவின் முத்திரையை ஊர்ப்பெயருடன் குத்தியும் கொடுத்தனர். கலைஞனுக்குச் சுதந்திரம் இல்லையா என்பது மற்றொரு நியாயம். உண்டு, ஓவியன் தன் திரையில் எதனையும் தீட்டலாம். நிழற்படமோ கண்ட பொருளுக்குச் சான்றளிப்பதாகக் கூறியே மதிப்பைப் பெறுகிறது. அம்மதிப்பைக் கைவிட விரும்பாது சான்றின் பொறுப்பை மட்டும் கைவிடுவதையே இங்கு கண்டிக்கவேண்டியுள்ளது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் நியூயோர்க் டைம்ஸ் இதழின் முகப்பில், ஆப்கானிஸ்தானிலிருந்த அமெரிக்கப் படையினரை டேமன் வின்டர் ஹிப்ஸ்டமாட்டிக் கொண்டு எடுத்த படங்கள் வெளிவந்தபோதும், அடுத்த ஆண்டில் அவற்றுக்குப் பரிசு கிடைத்தபோதும் இவ்விவாதமே அங்கு எழுந்தது. அப்படங்களின் நாளும் இடமும் படைப்பிரிவும் செய்தித்தாளில் அச்சாகியிருந்தன என்பதையேனும் அவர் சார்பிற் கூறலாம். மன்னார்ப் படங்களுக்கு அத்துணையும் இல்லை.

இரசனையின் உள்ளே ஒளிந்திருக்கும் அரசியலையும் நோக்குதல் வேண்டும். வலை பொத்தும் முதியவரைக் கபில நிறத்தில் காட்டும்போது அவர் கடந்துபோனவராகிறார். இன்று கடலுக்குச் சென்று, இன்றைய எரிபொருள் விலையில் நட்டப்பட்டு, எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் வலையை இழந்து நிற்கும் மனிதர் அவர். அவரைப் பழம்பொருளாக்கிவிட்டால் அவருக்காக எவரும் மனு எழுதவேண்டியதில்லை. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு டிசம்பரிற் திறக்கப்பட்ட காற்றாலைத் தொகுதியின் 30 கோபுரங்கள் தொலைவிலிருந்தே தெரிகின்றன. பழமை தேடுவோருக்கு அவை இடையூறு. படத்திலிருந்து வெட்டப்படுகின்றன அல்லது அழிக்கப்படுகின்றன. புதிய காற்றாலைகளுக்கும் கனிமமணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் வீதியில் அமர்ந்து போராடினர். வெள்ளம் வடியும் வாய்க்கால் முன்பு எங்கிருந்தது, பனங்கூடல் எதுவரை நின்றது, மணற்றிட்டு எவ்வளவு உயர்ந்திருந்தது என்பன அங்கு வழக்குக்குரிய வினாக்கள். கோபுரத்தை அழித்த அழகிய படம் அவ்வினாக்களுக்கு முன் ஊமையாகும். அழிக்காத சாதாரணப் படம், நாளோடு இருந்தால், பேசும்.

செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. அது செயலியை விட மிகவும் சலிப்பூட்டுவது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோர் தமிழ்நாட்டின் பழைய ஸ்ரூடியோக்களின் படங்களைப் பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியுடன் திரட்டி எண்ணிமப்படுத்தினர். நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் அவ்வாறே பாதுகாத்து வருகிறது. மன்னாரில், வங்காலையில், முசலியில், புத்தளத்தில் மீளக்குடியேறாது தங்கிவிட்ட குடும்பங்களில், மண்டபத்தில் எஞ்சியிருக்கும் படங்களை வீடுவீடாகச் சென்று கேட்க மாணவர் வேண்டும். வாங்கிய படத்தை ஒட்டுநாடாவால் ஒட்டலாகாது. பிளாஸ்ரிக் உறையிட்டுச் சூடேற்றி மூடும் லமினேற்றிங் செய்யலாகாது, அது மீட்க முடியாத கேட்டைத் தரும். பழுதைத் துடைக்காமலும் கூட்டாமலும் இருந்தவாறே வருடியிற் படியெடுக்கவேண்டும். கூடவே படத்தில் உள்ளவர் யார், எந்த ஆண்டு, எந்தக் கோயிற்பெருநாள் அல்லது எந்தக் கந்தூரி என்பதை வைத்திருப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். விடை அறிந்தோர் எண்பது வயதைக் கடந்துள்ளனர். படத்தின் பின்பக்கத்தையும் படியெடுத்தல் அவசியம். பென்சிலில் எழுதிய பெயரும், ஸ்ரூடியோவின் ஊதா முத்திரையும், சிலவற்றிற் குழந்தை கிறுக்கிய கோடும் அங்கேதான் இருக்கின்றன.